ஆடிட்டர் அலுவலகத்தில் பேப்பர் வீணாவதை எப்படிக் குறைப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். இருபது பேர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகம். இரண்டு லேசர் பிரிண்டர்கள், அதில் ஒன்றில்தான் டூப்ளெக்ஸ் வசதி, அதாவது தாளின் இரண்டு பக்கமும் தானாக அடிப்பது. ரிட்டர்ன் சீசன் வந்துவிட்டால் பேப்பர் கட்டுகள் எங்கே போகின்றன என்றே தெரிவதில்லை. ‘தேவை என்றால் மட்டும் பிரிண்ட் எடுக்கவும்’ என்று மெஷினுக்கு மேலே ஒட்டிப் பார்த்தாயிற்று, பலன் இல்லை. தானாகவே இரண்டு பக்கமும் அடிக்கிற புது மெஷின் வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

அலுவலகங்களில் பிரிண்டர், நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். புது மெஷின் பற்றிக் கடைசியில் பேசலாம். பேப்பர் வீணாவதற்குப் பெரும்பாலும் ஆட்களின் அலட்சியம் காரணம் இல்லை. மெஷினும் மென்பொருளும் எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றனவோ அப்படித்தான் தாள் வெளியே வருகிறது. அந்த அமைப்பை மாற்றினால் யாரையும் திட்டாமலே செலவு குறையும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. பேப்பரைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஊழியர்களிடம் கேட்டுக்கொண்டதில் ஒரு மாற்றமும் இல்லை. பிரிண்டர்களில் முன்கூட்டியே ‘ஒரு பக்கம்’ என்று இருந்ததை ‘இரண்டு பக்கம்’ என்று மாற்றி வைத்தபோது, அன்றாடப் பேப்பர் செலவு 15 சதவீதம் குறைந்தது, குறைந்தது அப்படியே நீடித்தது. வேண்டும் என்றால் ஒரு பக்கமாக மாற்றி எடுத்துக்கொள்ளலாம், தடை ஏதும் இல்லை. ஆனாலும் பலர் மாற்றவில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒட்டிய காகிதம் வேலை செய்யாததற்கும் இதுதான் காரணம். ராத்திரி ஒன்பது மணிக்கு ரிட்டர்ன் ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நேரம் இல்லை. கண்ட்ரோல்-பி, என்டர், அவ்வளவுதான். அந்த என்டருக்குப் பின்னால் என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்கள் முன்பே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸில் இதை மாற்றும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரிண்டர் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ போய் டூப்ளெக்ஸைத் தேர்ந்தெடுத்தால், அது அந்தப் பயனருக்கு மட்டும்தான். ‘பிரிண்டர் பிராப்பர்டீஸ்’ திறந்து ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போனால், கீழே ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கும். எல்லாருக்கும் பொதுவான அமைப்பு அங்கேதான் இருக்கிறது. பிரிண்டரை ஒரு கணினியில் போட்டு மற்றவர்களுக்குப் பகிர்ந்திருந்தால், அந்தக் கணினியில் இதை மாற்றினால் போதும். ஏற்கெனவே தன் கணினியில் பிரிஃபரன்சஸைக் கைவைத்தவருக்கு மட்டும் பழையபடியே இருக்கும். அவர்கள் மேசைக்குப் போய் ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

எக்செல் இதற்குள் அடங்காது. எக்செல் ஒவ்வொரு ஷீட்டோடும் அதன் பிரிண்டர் அமைப்பையும் சேர்த்தே சேமித்து வைக்கும். போன வருடம் ஒரு பக்கமாக அடித்துச் சேமித்த ஃபைலை இந்த வருடம் காப்பி செய்து எண்களை மாற்றி அடித்தால், மறுபடியும் ஒரு பக்கமாகவே வரும். ஆடிட்டர் அலுவலகத்தில் பாதி வேலை போன வருட ஃபைலை ‘சேவ் ஆஸ்’ போட்டுத்தான் தொடங்குகிறது. ஆகவே பேலன்ஸ் ஷீட், டெப்ரிசியேஷன், கம்ப்யூடேஷன் என்று நீங்கள் வழக்கமாக எடுக்கும் மாதிரி ஃபைல்கள் ஒவ்வொன்றையும் திறந்து, டூப்ளெக்ஸ் போட்டு, பக்க அளவைச் சரிசெய்து சேமித்து வையுங்கள். ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. இங்கே நான் சொல்கிறவற்றில் அதிகப் பலன் தரப்போவது இதுவாகத்தான் இருக்கும்.

டூப்ளெக்ஸில் இன்னொரு சிக்கல், எந்த விளிம்பில் புரட்டுவது என்பது. புத்தகம் மாதிரி நெட்டுவாக்கில் இருக்கும் பக்கத்துக்கு நீள விளிம்பு. அகலவாக்கில் இருக்கும் அட்டவணையை இடப்பக்கம் பின் அடித்துப் புத்தகம் மாதிரிப் புரட்டப்போகிறீர்கள் என்றால் குட்டை விளிம்பு. இதை மாற்றிப் போட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும், மொத்தக் கட்டும் குப்பைக்குப் போகும். ஐம்பது பக்க ரிப்போர்ட் அடிக்கும் முன் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் அடித்துப் பாருங்கள். ஒரு தாளில் தெரிந்துவிடும்.

சரி, ஸ்வீடனில் 15 சதவீதம்தானே குறைந்தது, பாதியாகக் குறைந்திருக்க வேண்டாமா என்று தோன்றும். அலுவலகத்தில் எடுக்கிற பிரிண்ட்டில் கணிசமானவை ஒரே பக்கக் காகிதங்கள். கவரிங் லெட்டர், சலான், அக்னாலெட்ஜ்மென்ட் இவற்றில் பின்பக்கம் அடிக்க ஒன்றுமே இல்லை. அதோடு, மொத்தமாகவே தேவைப்படாத ஒரு தாளை இரண்டு பக்கமும் அடித்தால் வீண் பாதியாகுமே தவிரப் போய்விடாது. அதனால் டூப்ளெக்ஸ் முடிந்த கையோடு மெஷின் பக்கத்தில் இருக்கிற குப்பைக்கூடையைக் கவனியுங்கள். ஒரு வாரத்துக்கு அதைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாரக்கடைசியில் நீங்களே உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். எது எதனால் குப்பையானது என்று தாளைப் பார்த்தாலே தெரியும்.

கூடவே ஒரு கணக்கும் வேண்டும். பிரிண்டரின் மெனுவில் ‘யூசேஜ் பேஜ்’ என்று ஒன்று இருக்கும், அதுவரை எத்தனை பக்கம் ஓடியது என்று காட்டும். மாத முதல் தேதியில் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். அதில் பக்கம் வேறு, தாள் வேறு. டூப்ளெக்ஸில் ஒரு தாள் இரண்டு பக்கமாக எண்ணப்படும். அதனால் எத்தனை ரீம் வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். யாருடைய எந்த வேலை அதிகம் போகிறது என்று தெரிய வேண்டுமானால், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘பிரிண்ட்சர்வீஸ்’ என்பதன் கீழ் ‘ஆபரேஷனல்’ என்று ஒரு பதிவேடு இருக்கிறது. சாதாரணமாக அது அணைந்திருக்கும், எனேபிள் செய்ய வேண்டும். அதன்பிறகு அடிக்கிற ஒவ்வொரு வேலையும் 307 என்ற எண்ணில் பதிவாகும்: யார், எந்த பிரிண்டர், எத்தனை பக்கம். இதை வைத்து ஆளைப் பிடித்துக் கண்டிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்த வகை வேலை தாளைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் கீழே ஜெராக்ஸ் கடையில் போய் எடுப்பார்கள், உங்கள் கணக்கில் குறைந்த மாதிரி மட்டும் தெரியும்.

கூடையில் நீங்கள் பார்க்கப்போவதில் முதல் இடம் அநேகமாக எக்செலுக்குத்தான். லெட்ஜரைக் கணக்கு மென்பொருளிலிருந்து எக்செலுக்கு எடுத்து, அப்படியே பிரிண்ட் கொடுத்திருப்பார்கள். கடைசி காலம் (நெடுவரிசை) ஒன்று மட்டும் பக்க அகலத்தைத் தாண்டியிருக்கும். எக்செல் முதலில் மேலிருந்து கீழாக எல்லா வரிகளையும் அடித்துவிட்டு, பிறகுதான் வலப்பக்கம் மிஞ்சிய காலத்துக்கு வரும். நாற்பது பக்கம் சரியாக வந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. அதற்கப்புறம் வரும் நாற்பது பக்கத்திலும் ஒரே ஒரு ‘பேலன்ஸ்’ காலம் மட்டும் இருக்கும். ‘பேஜ் லேஅவுட்’டில் அகலம் ஒரு பக்கம், உயரம் ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைத்தால் இது நடக்காது. உயரத்தையும் ஒரு பக்கம் என்று வைத்துவிடாதீர்கள், எறும்பு அளவு எழுத்தில் வந்து மறுபடியும் அடிக்க வேண்டிவரும். ‘வியூ’வில் ‘பேஜ் பிரேக் பிரிவியூ’ போட்டால் எந்த இடத்தில் பக்கம் உடைகிறது என்று கோடு போட்டே காட்டும், கோட்டைப் பிடித்து இழுத்தும் மாற்றலாம்.

ஒன்றுமே இல்லாத வெள்ளைத் தாள்கள் கடைசியில் வருவதும் எக்செலின் வேலைதான். தரவு எழுபதாவது வரியில் முடிந்திருக்கும், யாரோ ஐந்நூறாவது வரியில் ஒரு கட்டத்துக்குப் பார்டர் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். கண்ட்ரோல்-எண்ட் அழுத்திப் பாருங்கள், எக்செல் எதைக் கடைசிக் கட்டம் என்று நினைக்கிறதோ அங்கே போய் நிற்கும். அது வெகுதூரத்தில் இருந்தால் நடுவில் உள்ள வரிகளை அழித்துச் சேமியுங்கள். இல்லையென்றால் தேவையான பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து ‘பிரிண்ட் ஏரியா’ என்று குறித்துவிடுங்கள்.

அடுத்து, இரட்டை பிரிண்ட். கொடுத்தேன், வரவில்லை, மறுபடி கொடுத்தேன் என்பார்கள். வராததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற ஒரு தேர்வு உண்டு. அது இயங்கினால், கடைசியாக எந்த பிரிண்டரில் கொடுத்தார்களோ அதையே அடுத்த முறைக்கும் எடுத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளை உள் அறை மெஷினில் தாள் வராமல் தவிக்கும்போது, முன் அறை மெஷினில் மூன்று பிரதி வந்து கிடக்கும். அந்தத் தேர்வை எல்லாக் கணினியிலும் அணைத்துவிடுங்கள். இன்னொரு காரணம் ஜாம். தாள் சிக்கியதை எடுத்துவிட்டால் பல மெஷின்கள் சிக்கிய பக்கத்தைத் தாமாகவே மறுபடி அடித்துத் தொடரும். அது தெரியாமல் முழு வேலையையும் திரும்பக் கொடுத்துவிடுகிறார்கள். ஜாம் எடுத்தபின் சற்றுப் பொறுங்கள், க்யூவைப் பாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒருமுறை நேரில் காட்டுங்கள்.

யாரும் வந்து எடுக்காமல் டிரேயிலேயே கிடக்கும் தாள்களுக்கு நல்ல தீர்வு ‘செக்யூர் பிரிண்ட்’. வேலை மெஷினின் நினைவகத்தில் காத்திருக்கும், கொடுத்தவர் வந்து பின் நம்பர் அழுத்தினால்தான் அடிக்கும். வரவில்லை என்றால் சில மணி நேரத்தில் தானே அழியும்படி வைக்கலாம். கட்சிக்காரர்களின் வருமானக் கணக்கு திறந்த டிரேயில் கிடக்காது என்பதால், ஆடிட்டர் அலுவலகத்துக்கு இது பேப்பரைவிட ரகசியத்துக்காகவே வேண்டியது. உங்கள் டூப்ளெக்ஸ் மெஷினில் இது இருக்க வாய்ப்பு அதிகம், மெனுவில் பாருங்கள்.

தமிழில் எழுதும் ஆவணங்களுக்கு என்று தனியாக ஒரு வீண் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதத்தைப் பென் டிரைவில் போட்டு வேறு கணினியில் திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வரும். பார்க்காமல் பிரிண்ட் கொடுத்தால் மொத்தமும் வீண். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த பத்திர மாதிரிகள், கூட்டாண்மை ஒப்பந்தங்கள், சங்க விதிமுறைகள் அலுவலகங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்வரை, அலுவலகத்தை விட்டு வெளியே போகும் எந்தத் தமிழ் ஆவணத்தையும் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

யூனிகோடுக்கு வந்தபின் வேறு விஷயம். லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விடுகின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த 1.5 வரி இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே வைத்தால், பக்கத்தில் பாதி வெள்ளையாகத்தான் இருக்கும். வேர்டில் பத்தி அமைப்பில் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று மாற்றி, 12 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளி அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். இகர, ஈகாரக் குறிகள் வெட்டுப்படாத அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் பக்கங்கள் குறையும். எழுத்தைச் சிறிதாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எழுத்தைச் சிறிதாக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு தாளில் இரண்டு பக்கம் அடி, நாலு பக்கம் அடி என்ற யோசனை உடனே வரும். ஏ4 தாளின் நீள அகல விகிதம் இரண்டின் வர்க்கமூலம். அதனால் இரண்டு ஏ4 பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுருக்கினால், மறுபடியும் சரியாக ஒரு ஏ4-க்குள் உட்காரும், 71 சதவீத அளவில். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகும். சொந்தக் குறிப்புக்கு வைத்துக்கொள்ளும் சுற்றறிக்கை, சட்டத் திருத்தம் போன்றவற்றுக்கு இது போதும். நாலு பக்கம் என்றால் பாதி அளவு, 12 புள்ளி 6 ஆகிவிடும். தமிழில் அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளியே சரியாகத் தெரியாது. கட்சிக்காரருக்குக் கொடுப்பதை இப்படிச் சுருக்கி அடிக்கவே கூடாது. படிக்க முடியாமல் அவர் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி எடுப்பார், தாள் அங்கே செலவாகும்.

இதுவரை சொன்னது அடிக்கும் விதம் பற்றி. இனி, அடிக்கவே வேண்டாதவை. உங்கள் தொழிலில் இதுதான் பெரிய பகுதி.

கையெழுத்துக்காக எடுக்கும் தாளை முதலில் சொல்ல வேண்டும். ஒரு கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அந்தத் தாளைக் கூடையில் போடுகிறோம். ஆடிட்டரிடம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஏற்கெனவே இருக்கிறது, டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டையே அதில்தான் ஏற்றுகிறார். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்தக் கையெழுத்தை அங்கீகரிக்கிறது. அதே டோக்கனால் சாதாரணச் சான்றிதழ் பி.டி.எஃப்-ஐயும் கையெழுத்திட்டு அனுப்பலாம். வாங்கும் வங்கியோ அலுவலகமோ மைக் கையெழுத்துதான் வேண்டும் என்று கேட்டால் மட்டும் தாள். உயில் மாதிரி சிலவற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அவற்றில் தாளை மிச்சம் பிடிக்க நினைக்கவே வேண்டாம்.

வருமான வரி ரிட்டர்ன் ஏற்றியதும் வரும் ஒப்புகைத் தாளான ஐ.டி.ஆர்-வி இன்னும் பல இடங்களில் பழக்கத்தால் அடிக்கப்படுகிறது. ஆதார் ஓ.டி.பி. மூலமோ வேறு வழியிலோ ஆன்லைனில் சரிபார்த்துவிட்டால் அதைப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பத் தேவையே இல்லை. ஒருவரின் வருமானம், பரிவர்த்தனை விவரங்களை வரித் துறை தொகுத்துத் தரும் ஏ.ஐ.எஸ். இதைவிட மோசம். 2021 நவம்பரில் அந்த அறிக்கை வந்ததிலிருந்து, பங்குச் சந்தையில் அடிக்கடி வாங்கி விற்கும் ஒருவருக்கு அது பக்கம் பக்கமாக நீள்கிறது. அதை முழுதாக அடித்து ஃபைலில் வைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. டிவிடெண்ட், வட்டி என்று சரிபார்க்க வேண்டியதைத் திரையிலேயே பார்த்துவிட்டு, பி.டி.எஃப்-ஐக் கட்சிக்காரர் பெயரில் உள்ள ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

‘ஆனால் ஆடிட் ஃபைலில் தாள் இருக்க வேண்டுமே’ என்று சீனியர்கள் சொல்வார்கள். தணிக்கை ஆவணங்கள் பற்றிய தரநிலை எஸ்.ஏ. 230 இதில் தெளிவாகவே இருக்கிறது: ஆவணம் காகிதத்திலும் இருக்கலாம், மின்னணு வடிவிலும் இருக்கலாம். வழக்கமாக ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு, பேக்கப் எடுத்த ஃபோல்டர் கரையான் அரிக்கும் பரணைவிடப் பாதுகாப்பானது. பேக்கப் எடுத்த என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஒரு கணினியின் ஹார்ட் டிஸ்க்கை நம்பித் தாளைக் கைவிடுவது ஆபத்து. இரண்டு இடத்தில் பிரதி இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் பிரிண்ட்டை நிறுத்த வேண்டும்.

கட்சிக்காரர்களின் பில்லிலும் இப்படி ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்கு விற்பனைக்கு இன்வாய்ஸ் மூன்று பிரதி: வாங்குபவருக்கு, வண்டிக்கு, விற்பவருக்கு. சேவைக்கு இரண்டு. நாலாவது, ஐந்தாவது பிரதி ‘ஆடிட்டருக்கு’, ‘ஸ்டோருக்கு’ என்று அடிப்பதெல்லாம் நாமாக வளர்த்துக்கொண்டது. இ-இன்வாய்ஸ் எடுக்கும் நிறுவனமாக இருந்தால், வழியில் அதிகாரி கேட்கும்போது கியூ.ஆர். குறியீட்டை மின்னணு முறையில் காட்டினாலே போதும் என்று 138ஏ விதி சொல்கிறது. ‘எனக்குத் தாள் பிரதி வேண்டாம், பி.டி.எஃப். அனுப்புங்கள்’ என்று ஆடிட்டர் ஒரு வார்த்தை சொன்னால், அவரிடம் வரும் எல்லா வியாபாரிகளின் பிரிண்டரிலும் ஒரு பிரதி குறையும். உங்கள் அலுவலகத்துக்குள் மிச்சமாவதைவிட இது பெரிதாகவே இருக்கலாம்.

மேலிருந்து விதி மாறினால் எவ்வளவு வேகமாக வழக்கம் மாறும் என்பதற்கு நீதிமன்றம் நல்ல உதாரணம். வழக்குத் தாள் என்றால் லீகல் அளவு, ஒரு பக்கம் மட்டும், அகன்ற இடைவெளி என்பது காலங்காலமான வழக்கம். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை விட்டது: அந்த ஏப்ரல் முதல் 75 ஜி.எஸ்.எம்-க்குக் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற அளவு) குறையாத ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, 14 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி. லீகல் தாள் ஏ4-ஐவிடப் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு பெரிது. தாள் சிறிதாகி இரண்டு பக்கமும் ஆனபோது எந்த வழக்கும் நின்றுவிடவில்லை.

எல்லாவற்றையும் திரையிலேயே பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இறுதி பேலன்ஸ் ஷீட்டைக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை தாளில் எடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பது வீண் ஆகாது. திரையில் தப்பிய ஒரு தலைப்புப் பிழை தாளில் கண்ணில் படும். அந்த ஒரு பிரதி அவசியம். ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் மொத்தக் கட்டையும் புதிதாக அடிப்பதுதான் வீண். மாறிய பக்கத்தின் எண்ணை மட்டும் கொடுத்து அடிக்கலாம் என்பதே ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் பல ஆர்ட்டிகிள் பிள்ளைகளுக்குத் தெரியாது, யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதேபோல் வயதான கட்சிக்காரர் ஒருவர் தன் கணக்கைத் தாளில்தான் பார்ப்பேன் என்றால் மனமுவந்து அடித்துக் கொடுங்கள்.

தாளை வைக்கும் இடமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜாம் கூடுவதற்குக் காரணம் ஈரம். காகிதம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஓரம் வளையும், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக இழுபடும். கட்டைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் அலமாரியில் படுக்கையாக வையுங்கள். தேவைப்படும்போது மட்டும் உறையைப் பிரியுங்கள். பாதி பிரித்த கட்டை உறையோடு மடித்தே வைக்கலாம். பல நிறுவனங்களின் உறையில் ஒரு அம்புக்குறி இருக்கும், முதலில் அச்சாக வேண்டிய பக்கம் எது என்று காட்டுவது அது. தாள் வளைந்து வந்தால் டிரேயில் கட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். போடும் முன் விசிறிவிட்டுப் போடுவதும், டிரேயின் உச்சக் கோட்டைத் தாண்டாமல் இருப்பதும் பாதி ஜாமைத் தவிர்க்கும். மீதிக்கு, தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலர் தேய்ந்திருக்கும், அதை மாற்றும் செலவு அதிகமில்லை.

எந்தத் தாள் வாங்குவது என்றால், 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம், 500 தாள் ரீம் இரண்டரைக் கிலோ. 70 ஜி.எஸ்.எம். ரீம் ஏறத்தாழ 2.2 கிலோ. எடை குறைந்தால் கூழும் குறைவுதான், ஆனால் 70-ல் இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்க எழுத்து தெரியும் என்று சிலர் ஒரு பக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். 75 நல்ல நடுநிலை. கரும்புச் சக்கையில் செய்த தாள்தானே, மரம் வெட்டவில்லையே என்று ஒரு வாதமும் வரும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல்., தமிழக அரசு 1979-ல் தொடங்கிய நிறுவனம், சர்க்கரை ஆலைகளின் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு தாள் செய்கிறது. அது பெருமைக்குரிய விஷயம், வாங்க வேண்டிய தாள். ஆனால் சக்கையைக் கூழாக்கவும் வெளுக்கவும் உலர்த்தவும் தண்ணீரும் மின்சாரமும் ரசாயனமும் வேண்டும். வீணாக்க அது அனுமதி ஆகாது.

ஒரு பக்கம் அடித்து மிஞ்சிய தாளை மறுபடி லேசர் பிரிண்டரில் போடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஒருமுறை சூட்டில் போய் வந்த தாள் வளைந்திருக்கும், ஜாம் ஆகும். மறந்துபோன ஒரு ஸ்டேப்ளர் பின் மெஷினுக்குள் இருக்கும் ஃபியூசர், டிரம் என்ற உருளைகளைக் கீறிவிட்டால், மிச்சம் பிடித்த தாளைப் போல் பல மடங்கு செலவு. அதைவிட அவற்றை நாலாகவோ பாதியாகவோ வெட்டி ரஃப் பேடாக பைண்ட் செய்து எல்லார் மேசையிலும் வையுங்கள், கூட்டிக் கழிக்க நன்றாகப் பயன்படும்.

அந்தக் கட்டில் பான் எண், ஆதார் நகல், வங்கி அறிக்கை இருக்கக் கூடாது. அவற்றைத் தனியாகப் பிரித்து ஷ்ரெட்டரில் போடுங்கள். எடைக்குப் போடும் பழைய பேப்பர் எங்கெங்கோ போகிறது. வடை, பஜ்ஜி கட்டித் தரும் தாளில் யாருடைய விண்ணப்பமோ இருப்பதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். ஒருவர் நம்பிக் கொடுத்த கணக்கு அப்படித் தெருவுக்குப் போவது மன்னிக்க முடியாத காரியம். வெட்டிய துகளையும் மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். கடை பில்லில் வரும் பளபளப்பான தெர்மல் தாளையும் லேமினேஷன் செய்ததையும் அதோடு கலக்காதீர்கள்.

இனி மெஷின். இப்போதைக்குப் புதிது வாங்காதீர்கள். இருக்கிற டூப்ளெக்ஸ் மெஷினை எல்லாக் கணினியிலும் டிஃபால்ட்டாக வையுங்கள். மேலே சொன்ன அமைப்புகளை மாற்றிவிட்டு ஒரு முழு சீசன் ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு மெஷினில் வரிசை நீண்டு வேலை தடைப்பட்டால் மட்டும் இன்னொன்று யோசிக்கலாம். அப்போதும் பிரிண்ட் வேகத்தைவிட ஸ்கேனரைப் பாருங்கள். கட்சிக்காரர் கொண்டுவரும் ரசீதுக் கட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் ஸ்கேன் செய்யும் மேல் டிரே இருந்தால், ஜெராக்ஸ் எடுக்கும் வழக்கமே தேவையற்றதாகிவிடும். செக்யூர் பிரிண்ட் இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள்.

டூப்ளெக்ஸ் இல்லாத பழைய மெஷினிலும் அவசரத்துக்கு இரண்டு பக்கம் அடிக்கலாம். முதலில் ஒற்றைப்படைப் பக்கங்கள், அப்புறம் அதே தாளைத் திரும்பப் போட்டு இரட்டைப்படைப் பக்கங்கள். எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். டிரேயில் ஒரு வெற்றுத் தாளின் மேல்முகத்தில், உங்களுக்கு எதிரே இருக்கும் மூலையில் பென்சிலால் ஒரு குறி போட்டு, ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். குறி எங்கே வருகிறது என்பதை வைத்துத் திசை தெரிந்துவிடும், அதை ஒரு படமாக வரைந்து மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். மொத்தப் பக்கம் ஒற்றைப்படையாக இருந்தால், கடைசித் தாளை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் போடுங்கள். மற்றபடி அந்த மெஷின் கவரிங் லெட்டருக்கும் சலானுக்குமாக இருக்கட்டும்.